பத்து நிமிஷம் எண்ணச் சொன்னார்கள்

அந்தச் சட்டைக் கம்பெனியில் அவள் பெயரைச் சொல்லித் தேடினால் யாருக்கும் தெரியாது. அம்பக்கா என்று கேட்டால் வாசல் காவலாளிகூடக் கையை நீட்டி இடம் காட்டுவார். தைத்து முடித்த சட்டை பெட்டிக்குள் போவதற்கு முன்னால் கடைசியாக வந்து விழுகிற மேஜை அவளுடையது. எங்கே தையல் விட்டிருக்கிறதோ, எங்கே பட்டன் ஒரு நூல் தள்ளி உட்கார்ந்திருக்கிறதோ, அங்கே சிவப்பு அம்பு போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டுவாள். ஒட்டிவிட்டுப் பக்கத்துத் தாளில் ஒரு கோடு போடுவாள். பத்தொன்பது வருஷமாக இதுதான் வேலை. காலர், தோள், கை, பட்டன் பட்டி, பாக்கெட், அடி மடிப்பு என்று ஒரு சட்டைக்கு நாற்பது விநாடி. புதிதாக வந்த பெண்கள் அவள் கை வேகத்தைப் பார்த்து அசந்து நின்றால், "என்ன வேடிக்கை, இங்க படமா ஓடுது?" என்று ஒரு அதட்டல் வரும். ஓடிவிடுவார்கள்.

கோபம் அவளுக்கு மூக்கு நுனியில் இருக்கும். தப்புச் செய்தவளைக்கூட விட்டுவிடுவாள், தப்பை மறைக்கிறவளைக் கண்டால் ஆகாது. ஒரு தடவை சரக்கு வாங்கும் கம்பெனியின் ஆட்கள் பார்வையிட வந்தபோது, குறை எழுதிய தாள்களை அலமாரியில் ஒளித்து வைக்கச் சொன்னார் சூப்பர்வைசர். இவள் எடுத்து நேராக வந்தவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டாள். சூப்பர்வைசர் முகம் வெளுத்துப் போயிற்று. வந்தவர்கள் தாள் தாளாகப் புரட்டினார்கள். உள்ளதை உள்ளபடி எழுதுகிற இடம், நம்பலாம் என்று சொல்லி ஆர்டரை உறுதி செய்துவிட்டுப் போனார்கள். அன்று அவள் மனசில் ஒன்று ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. குறையை ஒழுங்காக எழுதி நீட்டிவிட்டால் எவனும் நம்மை ஒன்றும் செய்ய முடியாது. பாவி மனுஷி, சட்டைக்குச் சரியாக இருந்ததைப் பெற்ற பெண்ணுக்கும் போட்டுப் பார்த்தாள்.

ஒரே பெண், பதினைந்து வயது. வீட்டில் பாப்பா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. ஏழு வயதில் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி முழித்தாள். கண் டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். கண்ணாடிக்குப் பின்னாலும் சிமிட்டினாள். பதினொரு வயதில் வலது தோள் தானாகத் தூக்கிப் போட ஆரம்பித்தது. பதின்மூன்றில் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. 'ஹக்' என்று வெட்டின மாதிரி இருக்கும். பஸ்ஸில், கடையில், பாடம் நடக்கும்போது, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தொண்டை டாக்டர் இரண்டு பாட்டில் மருந்து கொடுத்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விக்கல் என்று பெயர் வைத்தார்கள். லிஃப்ட் ரிப்பேர் வேலை பார்க்கும் அவள் அப்பா, "வயசுப் பிள்ளைங்களுக்கு இருக்கறதுதான், சரியாப் போயிடும்" என்று எட்டு வருஷமாக ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். அம்பக்கா அவள் பங்குக்கு, "நிறுத்துடி, ஊரே பாக்குது" என்று எட்டு வருஷம் கத்தினாள். ஒரு நாள் பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்க, கன்னத்தில் ஒன்று வைத்தும்விட்டாள். அடி வாங்கிய பெண் அழவில்லை. மூன்று தடவை ஹக், ஹக், ஹக் என்றாள்.

கடைசியில் ஒரு நரம்பு டாக்டர்தான் விஷயத்தைச் சொன்னார். இதற்கு டிக் என்று பெயர். மூளையிலிருந்து தானாக வருவது. திமிரும் இல்லை, கெட்ட பழக்கமும் இல்லை. மருந்து பிறகு பார்க்கலாம், முதலில் இதற்கென்று ஒரு பயிற்சி இருக்கிறது, மூன்றாவது மாடிக்குப் போங்கள் என்று சீட்டு எழுதினார். அம்பக்காவுக்கு அந்தக் கன்னத்தில் வைத்தது ஞாபகம் வந்தது.

அதே வாரம் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார். பொதுத்தேர்வுக்குப் பத்து வாரம் இருந்தது.

"மத்த பேரன்ட்ஸ் கம்ப்ளெய்ன்ட் பண்றாங்கம்மா. பரீட்சை ஹால்ல ஊசி விழுந்தா கேக்கணும். உங்க பொண்ணு இப்படிச் சத்தம் போட்டா மத்த பிள்ளைங்க எப்படி எழுதுவாங்க? அதுக்குள்ள நின்னுட்டா சந்தோஷம். இல்லேன்னா இந்த வருஷம் வேணாம். அடுத்த வருஷம் தனியா எழுதட்டும்."

"கணக்குல வகுப்புல மொத ஆள் சார் அவ."

"அதான் சொல்றேன், அடுத்த வருஷம் இன்னும் நல்லா எழுதுவா."

ஒரு வருஷத்தை ஒரு கைக்குட்டையைப் போல மடித்து ஓரமாக வைக்கிறாரே, இவர் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் வைப்பாரா என்று அவளுக்குக் கொதித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "நிறுத்திக் காட்டறேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள். யாருடைய தொண்டைக்கு யார் வாக்குக் கொடுத்தது என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது மாடியில், மாவுக்கட்டு போடும் அறையை அடுத்து ஒரு குறுகலான அறை இருந்தது. இரண்டு நாற்காலி இரண்டு ஜாதி. மேஜைமேல் ஒரு ஸ்டாப் வாட்ச், நூலில் கட்டிய பேனா. உள்ளே இருந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. "நான் டாக்டர் இல்லைங்க, உளவியல் பயிற்சி குடுக்கறவ" என்று முதலிலேயே சொன்னாள். பாப்பா அவளுக்கு வைத்த பெயர் மூச்சு டாக்டர்.

மூச்சு டாக்டர் அம்மாவைப் பார்க்கவில்லை, பெண்ணைப் பார்த்துக் கேட்டாள். "சத்தம் வர்றதுக்கு முன்னாடி உனக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியும். தொண்டையில ஒரு நூல் மாட்டி இழுக்கிற மாதிரி இருக்கும். சத்தம் வந்தா அறுந்துடும். கொஞ்ச நேரத்துல திரும்ப மாட்டும்."

அம்பக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டு வருஷத்தில் இந்தக் கேள்வியை ஒரு தடவைகூட அவள் கேட்டதில்லை.

பயிற்சி கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். நூல் மாட்டியது தெரிந்த உடனே வாயை மூடி மூக்கு வழியாக மெதுவாக மூச்சு விட வேண்டும். தோள் தூக்க வருகிறது என்று தெரிந்தால் முழங்கையை இடுப்போடு அழுத்திக்கொள்ள வேண்டும். ஒரு நிமிஷம், அல்லது அந்த இழுப்பு தளர்கிறவரை. செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். முதல் நாள் பதினைந்து விநாடியில் பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பரவால்ல, பதினஞ்சு பெரிய விஷயம்" என்றாள் மூச்சு டாக்டர்.

பிறகு அம்பக்காவிடம் திரும்பினாள். "உங்களுக்கு ரெண்டு வேலை. தினமும் சாயந்தரம் ஆறு மணிக்குப் பத்தே பத்து நிமிஷம் எண்ணுங்க. மத்த நேரம் காதுல விழாத மாதிரி இருங்க. நிறுத்துன்னும் சொல்லக் கூடாது, ஐயோ பாவம்னும் சொல்லக் கூடாது, மூச்சு விடுன்னு ஞாபகப்படுத்தவும் கூடாது. அப்புறம் இன்னொண்ணு. அடியோட நின்னுடும்னு நான் சொல்லல. சில வாரம் கூடும், சில வாரம் குறையும். ஆனா அவ கையில ஒரு பிடி கெடைக்கும்."

இவ்வளவு பேச்சில் அம்பக்காவின் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை. எண்ணுங்க.

அட, எண்ணுவதா? அது அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. பத்து நிமிஷம் எண்ணினால் என்ன தெரியும், பத்து சட்டையைப் பார்த்துவிட்டு ஒரு லாட் முழுவதையும் பாஸ் செய்கிறவளா அவள்? கம்பெனியிலிருந்து பழைய கிளிப் அட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். தாளில் கட்டம் போட்டாள். மணி வாரியாகக் குறுக்கே, தோள், தொண்டை, கண் என்று நெடுக்கே. சின்னச் சத்தம் மைனர், அடுத்த அறைவரை கேட்டால் மேஜர். காலையில் பல் துலக்குவதிலிருந்து இரவு படுக்கை விரிப்பதுவரை கோடு கோடாக விழுந்தது. குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று எண்ணினாள். பெண் புத்தகத்தைத் திறந்தால் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்ணினாள். பள்ளிக்கூட நேரத்துக்கு, பெண் திரும்பி வந்ததும் உட்காரவைத்து, "மொத பீரியட்ல எத்தனை? ரெண்டாவதுல?" என்று ஒவ்வொன்றாக வாங்கினாள்.

"கொஞ்சம் விடேன் அவளை" என்றார் லிஃப்ட்காரர்.

"எட்டு வருஷமா விட்டுத்தானே இங்க வந்து நிக்குது! நீங்க போய் உங்க லிஃப்டை மேல கீழ விடுங்க."

அவர் ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

பெண்ணின் கையில் ஒரு பிடி கிடைக்கத்தான் செய்தது. ஐந்து வாரத்தில் தோள் ஒரு நாளைக்கு எழுபதிலிருந்து ஒன்பதுக்கு வந்தது. முழங்கையை இடுப்போடு அழுத்திக்கொண்டு அவள் கணக்குப் போடுவதைப் பார்த்தால் தெரியாதவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தொண்டை மட்டும் அடம் பிடித்தது. நூற்றைம்பது, இருநூறு, இருநூற்று எண்பது என்று ஏறியது. ஏற ஏற அம்பக்கா இன்னும் உன்னிப்பாக எண்ணினாள். எண்ண எண்ண அது ஏறியது. மூச்சு டாக்டரிடம் மட்டும் ஆறு மணிக் கணக்கைத் தனியாக எடுத்து எழுதிக் காட்டினாள். முழுத் தாளைக் காட்டினால் அந்தச் சின்னப் பெண் பயந்துவிடுவாள் என்று ஒரு நினைப்பு. தப்பை மறைத்தால் பிடிக்காத மனுஷி செய்த காரியம் இது.

ஐந்தாவது வாரம் ஹெட்மாஸ்டரைப் பார்க்கப் போனாள். எல்லாத் தாளையும் ஜெராக்ஸ் எடுத்து, மூலையில் பின் அடித்து, மேஜைமேல் வைத்தாள்.

"பாருங்க சார், நாங்க சும்மா இல்ல. தோள் எழுபதுலேர்ந்து ஒம்பதுக்கு வந்தாச்சு. தொண்டையும் வந்துடும். எல்லாம் எழுதியிருக்கேன், ஒண்ணுகூட மறைக்கல."

அவர் புரட்டினார். "அடேயப்பா, மணி வாரியா எழுதியிருக்கீங்களே!" என்றார். "ரொம்ப நல்லதும்மா. இது இங்கேயே இருக்கட்டும்."

அம்பக்கா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தாள். அன்று சாயந்தரம் லைனில் இருந்த எல்லோருக்கும் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கவர் வந்தது. கொண்டு வந்தது பாப்பாதான். பெற்றோரிடம் கொடுக்கச் சொன்ன கவரை எந்தப் பிள்ளை பிரிக்காமல் கொண்டு வந்திருக்கிறது? வழியிலேயே பிரித்துப் படித்துவிட்டாள். அம்பக்கா வேலையிலிருந்து திரும்பியபோது பெண் சீருடையைக்கூட மாற்றாமல் சமையல் மேடையில் சாய்ந்து நின்றிருந்தாள். தாள்கள் மேடைமேல் விரிந்து கிடந்தன.

"தாயாரின் சொந்தக் குறிப்புகளின்படியே மாணவி ஒரு நாளைக்கு இருநூற்று எண்பது முறை வரை சத்தம் எழுப்புகிறார்" என்று பெண் சத்தமாக வாசித்தாள். "மற்ற மாணவர்களின் நலன் கருதி இவ்வாண்டு தேர்வு எழுத அனுமதிக்க இயலாது. ஹக். சாட்சிக்கு உன் தாள் வச்சிருக்காங்கம்மா. மஞ்சக் கலர்ல கோடு போட்டு. உன் கையெழுத்து."

அம்பக்கா ஒரு தாளை எடுத்துப் பார்த்தாள்.

"நீயே எழுதிக் குடுத்தியா? பாத்ரூம்ல எத்தனைங்கறதுகூட அந்த ஆளுக்குக் குடுத்தியா?"

"உனக்காகத்தான்டி. எல்லாம் உள்ளபடி..."

"பத்து நிமிஷம்னுதானே சொன்னாங்க! பத்து நிமிஷம்! நீ பொழுதன்னிக்கும் எண்ணினே. அந்த அட்டையை நீ கையில எடுத்தாலே எனக்குத் தொண்டையில நூல் மாட்டுது, தெரியுமா? பஸ் ஸ்டாப்ல வராது. கணக்கு டியூஷன்ல வராது. வாசல்ல செருப்பைக் கழட்டினாப் போதும், வந்துடும். நீ எண்ணுவேன்னே வரும்." ஹக், ஹக் என்று இரண்டு தடவை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் என்ன சட்டையா? இனிமே அங்கயும் வரமாட்டேன், எங்கயும் வரமாட்டேன். பரீட்சையே வேணாம். போ."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அம்பக்காவுக்கு வந்த ஆத்திரத்துக்கு யார்மேலாவது பாய வேண்டும். மறுநாள் அரை நாள் லீவு போட்டு மூன்றாவது மாடிக்குப் போய் மூச்சு டாக்டர்மேல் பாய்ந்தாள். "எண்ணச் சொன்னது நீங்கதானே? இப்போ என் பொண்ணு வருஷம் போச்சு!" என்று கத்தியதில் பக்கத்து அறையில் மாவுக்கட்டு போடுகிறவர் எட்டிப் பார்த்தார்.

மூச்சு டாக்டரும் ஒன்றும் சாது இல்லை. அம்பக்கா நீட்டிய தாள்களைப் பார்க்கப் பார்க்க அவள் முகம் சிவந்தது. "இதையா இவ்வளவு நாள் என்கிட்டக் காட்டாம வச்சிருந்தீங்க? நான் என்ன சொன்னேன், நீங்க என்ன பண்ணியிருக்கீங்க? அஞ்சு வாரமா தொண்டை ஏன் பிடிபடலன்னு நான் தலையப் பிச்சுக்கிட்டிருந்தேன்." தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இங்க என்ன, ஞாயித்துக்கிழமை எல்லாம் காலியா இருக்கு?"

"அன்னிக்கு எனக்கு ஓவர்டைம். அவரு இருந்தாரு. அவரு எங்க எண்ணினாரு? ஒண்ணு ரெண்டுதான் வந்துச்சும்பாரு. அவருக்கு என்ன தெரியும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. லைனில் நடக்கிறது அவளுக்குத் தெரியாதா? பார்வையிட வந்த ஆள் ஒரு டெய்லருக்குப் பின்னால் பத்து நிமிஷம் நின்றால் போதும். இருபது வருஷம் தைத்தவளுக்கும் ஊசி உடையும், தையல் கோணும். அதனால்தான் அப்படி நிற்கிற நேரத்தில் தைத்த பீஸை அவள் தனியாக எடுத்து வைப்பாள், கணக்கில் சேர்க்கமாட்டாள். ஊரான் வீட்டுப் பெண்களுக்குப் பார்த்த நியாயம் பெற்ற பெண்ணுக்கு ஏன் தோன்றவில்லை? ஐந்து வாரம் அவள் எழுதியது பெண்ணின் கணக்கு இல்லை. அம்மா தலைமேல் நின்ற கணக்கு. அங்கேயே அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அழுதபோதும் கோபமாகத்தான் அழுதாள்.

வீட்டுக்கு வந்து, சாத்தின கதவுக்கு வெளியே நின்று சொன்னாள். "எண்ணினது தப்பு. எழுதினது தப்பு. அந்த ஆள்கிட்டக் குடுத்தது எல்லாத்தையும் விடப் பெரிய தப்பு. இனி எண்ணமாட்டேன்." மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாயில் வராத வார்த்தை. இவ்வளவுதான் வந்தது. இரண்டு நாள் கழித்து, சோற்றைப் பிசைந்துகொண்டே பெண் சொன்னாள். "மூச்சு டாக்டர்கிட்டப் போறேன். ஆனா நீ உள்ள வரக் கூடாது."

"வரல."

எண்ணாமல் இருப்பது லேசான காரியம் இல்லை. ஹக் என்றால் அவள் தலைக்குள் ஒன்று விழுந்தது, இரண்டு விழுந்தது. வேண்டாம் வேண்டாம் என்றாலும் மூன்று. விரல் தானாக மடங்கியது. அடுப்படிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்து விட்டாள், பாத்திரம் உருட்டினாள், மாடிப்படியில் போய் நின்றாள். பத்தொன்பது வருஷத்துக் கை, சொன்னால் கேட்குமா? ஒரு நாள் தன்னை அறியாமல் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பதைக் கண்டு அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. அம்மாவும் பெண்ணும் ஒரே அறையில் ஆளுக்கு ஒன்றை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லிஃப்ட்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ரேடியோவைப் போட்டார்.

ஹெட்மாஸ்டர் கணக்கு மட்டும் பாக்கி இருந்தது. போனாள்.

"சார், அந்தத் தாளைத் திருப்பிக் குடுங்க. அது தப்புக் கணக்கு. நான் தலைமேல நின்னு எண்ணினது."

"அப்போ பொய்யான ரெக்கார்ட் குடுத்தீங்களா?" என்று கேட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இன்னொண்ணும் கேக்கறேன். மூச்சை இழுத்து அடக்க முடியுதுன்னா, இவ்வளவு நாளா அடக்காம இருந்தது திமிர்தானே?"

அம்பக்காவுக்கு உச்சந்தலைவரை ஏறியது. "உங்களுக்குத் தும்மல் வந்தா ஒரு நிமிஷம் அடக்கிப் பாருங்க சார். அடக்கினதும் அடுத்தது வரும், அதையும் அடக்குங்க. அப்படியே மூணு மணி நேரம் பரீட்சை எழுதுங்க. எழுதிட்டு வந்து திமிரைப் பத்திப் பேசுங்க, நான் நின்னு கேக்கறேன். என் பொண்ணு அதைத் தினமும் செய்யறா. செஞ்சுட்டுத்தான் கணக்குல உங்க பள்ளிக்கூடத்துக்கு மார்க் வாங்கித் தர்றா. அந்த மார்க் மட்டும் இனிக்குதா?"

"சத்தம் போடாதீங்கம்மா. இது பள்ளிக்கூடம்."

"நான் போடறது சத்தம். அவ போடறது சத்தம் இல்ல. வித்தியாசம் தெரியாத ஆளுக்கு எதுக்கு இந்த நாற்காலி?"

தாள் கிடைக்கவில்லை. ஆனால் அங்கிருந்து நேராகத் தேர்வு அலுவலகத்துக்குப் போனாள். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் ஒரு கிளார்க் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கடிதத்தைப் படித்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஹால் டிக்கெட்டை நிறுத்த இவருக்கு யாரு அதிகாரம் குடுத்தா? இதுக்குன்னு தனிப் படிவம் இருக்குதும்மா. ரெண்டு வருஷமா எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பிக்கிட்டிருக்கோம். டாக்டர் சான்று வச்சுக் குடுத்தா முடிஞ்சுது. அவர் அலமாரியில தேடச் சொல்லுங்க."

இரண்டு வருஷமாக அலமாரியில்! திரும்பிப் போய் ஹெட்மாஸ்டரின் சட்டையைப் பிடிக்கலாமா என்று இருந்தது. படிவத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அதில் இரண்டு கட்டம் இருந்தது. தனி அறையில் எழுதுவது ஒன்று. எல்லோருடனும் ஹாலில் எழுதுவது, தேவைப்பட்டால் ஐந்து நிமிஷம் வெளியே போய் வருவது இன்னொன்று. அம்பக்கா பேனாவைத் திறந்து தனி அறைக்கு நேரே கொண்டு போய்விட்டாள். யார் கண்ணிலும் படாமல், யார் வாயிலும் விழாமல் எழுதிவிட்டு வரட்டும்.

"நான் ஹால்ல எழுதறேன்" என்றாள் பாப்பா.

"வேணாம்டி. அத்தனை பேரும் திரும்பிப் பாப்பாங்க. எவளாவது எழுந்து நின்னு கம்ப்ளெய்ன்ட் பண்ணினா? பாதியில எழுப்பி விட்டா?"

"பரீட்சை யாருக்கு?"

அம்பக்கா பேனாவை இறுக்கிப் பிடித்தாள். சோபாவிலிருந்து லிஃப்ட்காரரின் குரல் வந்தது. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக வேறு பாட்டு. "பேனாவை அவகிட்டக் குடு."

கொடுத்தாள். பெண் இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டாள். பிறகு பேனாவை மூடிக்கொண்டே, "பரீட்சை அன்னிக்கு வாசல்ல வந்து நிக்காதே. நீ நிக்கறேன்னு தெரிஞ்சா எனக்கு முடியாது" என்றாள். அம்பக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. தலையை ஆட்டினாள்.

டாக்டர் சான்றோடு படிவத்தைக் கொடுத்தார்கள், ஹால் டிக்கெட் வந்துவிட்டது. கணக்குப் பரீட்சை பத்து மணிக்கு. ஒன்பதே முக்காலுக்கு அம்பக்கா மேஜையில் நின்று காலரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அன்று அவளிடம் யாரும் வாய் கொடுக்கவில்லை. பதினொன்றே காலுக்கு சூப்பர்வைசர் கண்ணாடி அறையிலிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டார். போன். பள்ளிக்கூடத்திலிருந்து.

"அம்மா, ஹெட்மாஸ்டர் பேசறேன். உங்க பொண்ணு ரெண்டு தடவை எழுந்து வெளிய போயிட்டு வந்துட்டா. சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. பக்கத்துப் பொண்ணு கம்ப்ளெய்ன்ட் பண்றா. நீங்க உடனே வந்து கூட்டிட்டுப் போயிடுங்க. அவளுக்கும் அதுதான் நல்லது."

அவள் கை தானாக மேல்கோட்டின் பட்டனைக் கழற்ற ஆரம்பித்துவிட்டது. ஆட்டோ பிடித்தால் பன்னிரண்டு நிமிஷம். போய்ப் பெண்ணைக் கையைப் பிடித்து வெளியே கொண்டு வந்து, அந்த ஹாலையே இரண்டாக்கிவிட்டு வரலாம். இரண்டாவது பட்டனில் கை நின்றது.

"அவ வீட்டுக்குப் போறேன்னு சொன்னாளா சார்?"

"இல்ல, அவ எங்க சொல்றா..."

"அவ இப்போ என்ன பண்றா?"

"எழுதிக்கிட்டிருக்கா."

"வெளிய போயிட்டு வர அவளுக்கு அனுமதி இருக்கா, இல்லையா?"

"இருக்கு. ஆனா..."

"அப்போ எதுக்கு சார் எனக்குப் போன் பண்றீங்க? அவ எழுதட்டும். அவளை யாராவது எழுப்பினீங்கன்னா, எழுப்பின ஆளோட பேரு தேர்வு அலுவலகத்துக்குப் போகும். போனை வைங்க."

அவளே வைத்துவிட்டாள். சூப்பர்வைசர், "ஏதாவது அவசரம்னா போங்க அக்கா" என்றார். "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு மேஜைக்கு வந்தாள். கால் இரண்டும் வாசலுக்கு இழுத்தன. ஓடிப் போய் நிற்காத அம்மாவும் ஒரு அம்மாவா என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. கைமடிப்புப் பிரிந்து தொங்கிய ஒரு சட்டை அவள் கண்ணுக்கு முன்னாலேயே பெட்டிக்குப் போனது. பெட்டி கட்டுகிற பெண் எடுத்துக் கொண்டு வந்து பயந்து பயந்து நீட்டினாள். அம்பக்கா வாங்கிக்கொண்டாள், திட்டவில்லை.

ஒன்று இருபதுக்கு மறுபடியும் போன் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு எதிர்க்கடையிலிருந்து பேசுகிறாள் பெண். பின்னால் பஸ் சத்தம்.

"அம்மா. எல்லாக் கணக்கும் போட்டுட்டேன். கடைசிக் கேள்விக்கு அஞ்சு நிமிஷம்தான் இருந்துச்சு, முடிச்சுட்டேன்."

"ம்."

"ஹக். ஹெட்மாஸ்டர் வந்து பக்கத்துல நின்னு, உங்க அம்மாவை வரச் சொல்லியாச்சு, கெளம்புன்னாரு. நான் போகல. எழுதிக்கிட்டே ஜன்னல் வழியா கேட்டைப் பாத்துக்கிட்டிருந்தேன். நீ வந்துடுவேன்னுதான் நெனச்சேன்."

அம்பக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நல்ல வேளை, நீ வரலம்மா" என்றாள் பெண்.